மெய்யுரைத்த போர்வீரர்

மும்பையிலும் புனேயிலும் குடியேறி வாழும் தமிழர்களுக்குச் ‘சசூன்’ என்னும் பெயர் புதிதன்று. கொலாபாவில் விடியற்காலையில் மீன் ஏலம் நடைபெறும் துறைக்குச் சசூன் டாக் என்று பெயர். கோட்டைப் பகுதியில் டேவிட் சசூன் நூலகம் இருக்கிறது. புனேயில் ஏழை எளியோர் நாடிச் செல்லும் பெரிய மருத்துவமனையும் சசூன் மருத்துவமனையே. பாக்தாத் நகரிலிருந்து ஏறத்தாழ 1832-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, பருத்தியிலும் அபினியிலும் பெரும்பொருள் ஈட்டிய யூத வணிகர் டேவிட் சசூன் குடும்பத்தாரின் நினைவுச் சின்னங்கள் இவை. அந்த டேவிட் சசூனின் கொள்ளுப்பேரர் ஒருவர் 1886-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தார். வாணிகத்தை நாடாமல் கவிஞரானார், முதல் உலகப் போரில் அதிகாரியாகப் போரிட்டார், வீரப்பதக்கம் பெற்றார், பின்னர் அதே போரை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விடுத்தார். சீக்ஃபிரீட் சசூன் என்பது அவர் பெயர்.

போரை வெறுத்து எழுதிய வீரர் உலகில் பலர் உளர். தளபதிகளையும் அமைச்சர்களையும் குறை கூறுவது, போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபின், அத்துணை அரிய செயலன்று. சசூனின் எழுத்து வேறொரு காரணத்தால் கருதத்தக்கது. பிறரைப்பற்றிய உண்மையைச் சொல்லும்போது தம்மைப்பற்றிய உண்மையையும், அது தமக்கு இழுக்கைத் தருவதாயினும், அவர் உடன் சேர்த்தே சொன்னார். அது எவ்வளவு கடினமான செயல் என்பதை அறிய வேண்டுமாயின், அக்காலத்துப் போர்வீரனுக்கு உண்மை சொல்ல எத்துணை இடம் இருந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

வெளியூரில் வாழ்வோர் அனைவரும் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. ‘இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய அவா’ என்று தொடங்கும் கடிதத்தில், காய்ச்சலையும் கடனையும் நாம் எழுதுவதில்லை, ஊரில் உள்ளோர் கவலைப்படுவரே என்று மறைக்கிறோம். போர்க்களத்தில் இந்த மறைப்பை அரசாங்கமே அச்சடித்து வழங்கியது. பிரிட்டிஷ் வீரர்களுக்கு அளிக்கப்பட்ட களத் தபால் அட்டையில், ‘நான் நலமாயிருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்’, ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்ற பொருளில் சில வாக்கியங்கள் ஆயத்தமாக இருந்தன. வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமும் தேதியும் இடலாம். அதற்குமேல் ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சிடப்பட்டிருந்தது.

1914-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்ட நம் இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்து மொழிபெயர்க்கத் தனியே ஒரு தணிக்கை அலுவலகம் இயங்கியது. இதை உணர்ந்த சிப்பாய்கள் குழூஉக்குறியில் எழுதத் தலைப்பட்டனர். கருமிளகு என்றால் இந்தியப் படை. சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர் படை. எந்த மிளகு எவ்வளவு செலவாகிறது, எது தீர்ந்துபோகும் நிலையில் இருக்கிறது என்று சமையற்கட்டுச் செய்திபோல் எழுதியவர்கள், உண்மையில் பிணக்கணக்கை எழுதினார்கள். தணிக்கை அதிகாரிகள் அதையும் கண்டுகொண்டனர். விந்தை யாதெனில், அவர்கள் பொறுக்கி எடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகளே இன்று லண்டனில் ஆவணமாக எஞ்சியுள்ளன. எழுதப்படிக்கத் தெரியாத பல சிப்பாய்கள் பிறரைக்கொண்டு எழுதுவித்த குரல் அவற்றில் கேட்கிறது. எல்லார்க்கும் தம் பெயரில் நூல் எழுதும் வாய்ப்பு வாய்ப்பதில்லை.

சசூனுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. நரிவேட்டை, கிரிக்கெட், குதிரைப் பந்தயம், சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைச் சிறு நூல்கள் — இருபத்தெட்டு வயது வரை இவையே அவர் வாழ்க்கை. தந்தையார் யூதரல்லாத பெண்ணை மணந்ததால் குடும்பத்தாரின் பெருஞ்செல்வம் இவருக்கு வந்து சேரவில்லை எனினும், உழைக்காமல் வாழப் போதிய வருவாய் இருந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது மற்றவரை முந்திக்கொண்டு படையில் சேர்ந்தார். 1915 நவம்பரில் ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் என்னும் படையின் அதிகாரியாகப் பிரான்ஸ் சென்று சேர்ந்தார். அதே மாதத் தொடக்கத்தில் அவருடைய தம்பி ஹாமோ கலிப்போலிப் போரில் பட்ட காயத்தால் இறந்தார். அடுத்த மார்ச்சில் உயிர்த் தோழரான டேவிட் தாமஸ் என்ற இளம் அதிகாரியும் மாண்டார்.

இவ்விடத்தில் நாம் எதிர்பார்ப்பது யாது? துயரத்தால் போரை வெறுத்தார் என்பதே. நடந்தது அதுவன்று. தோழரின் மறைவுக்குப்பின் அவர் பகைவரைக் கொல்ல வேண்டும் என்ற வெறியோடு இரவு தோறும் இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் ஊர்ந்து திரிந்தார். உடனிருந்தோர் அவரைப் ‘பித்தர் ஜாக்’ என்று அழைத்தனர். இதை அவர் தம் நாட்குறிப்பில் மறைக்கவில்லை. பின்னாளில் எழுதிய நூலிலும் மழுப்பவில்லை. போரில் தமக்கு ஒரு கிளர்ச்சி இருந்தது என்பதை ஒப்புக்கொள்வது, போரை எதிர்த்துப் பேர் பெற்ற ஒருவருக்கு எளிதன்று. அன்பர்கள் அவரிடம் கேட்க விரும்பியது அதுவாக இருந்திராது.

1916 மே மாத இறுதியில் ஓர் இரவுத் தாக்குதல் தோல்வியுற்றது. காயமுற்றோர் கம்பிவேலியருகே கிடந்தனர். துப்பாக்கிக் குண்டுகளுக்கும் எறிகுண்டுகளுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம் நின்று அவர்களை மீட்டுக் கொணர்ந்ததற்காகச் சசூனுக்கு மிலிட்டரி கிராஸ் என்னும் பதக்கம் அளிக்கப்பட்டது. ஜூலை முதல் நாள் ஸோம் நதிப் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மாண்டவர் 19,240 பேர். காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் இழப்பு 57,000-க்கும் மேல். சசூன் அன்று பின்னணியிலிருந்த பதுங்குகுழியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களுக்குப்பின் மாமெட்ஸ் காட்டருகே, யாரும் ஆணையிடாமலே, கையில் எறிகுண்டுகளோடு தனியாக ஓடி ஒரு ஜெர்மானியப் பதுங்குகுழியைக் கைப்பற்றினார்.

இச்செயலை வேறொருவர் எழுதியிருந்தால் அது வீரக்காதையாகி இருக்கும். அவருடைய நண்பரும் கவிஞருமான ராபர்ட் கிரேவ்ஸ், கைப்பற்றிய குழியிலேயே அமர்ந்து சசூன் கவிதைப் புத்தகம் ஒன்றைப் படித்தார் என்று பின்னாளில் எழுதினார். சசூன் எழுதியதில் இந்த அலங்காரத் தொனி இல்லை. குழியைப் பிடித்துவிட்டேன், அதன்பின் என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன், என்னால் பீரங்கிப் படையின் வேலை தடைப்பட்டதென்று கர்னல் என்னைக் கடிந்துகொண்டார் — அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். பயனற்ற வீரம் பயனற்றதாகவே எழுதப்பட்டது.

1917 ஏப்ரலில் அராஸ் போரில் தோளில் குண்டு பாய்ந்து இங்கிலாந்து திரும்பினார். மருத்துவமனையிலும் பின்னர் ஓய்வு இல்லத்திலும் கழித்த வாரங்களில்தான் அவருடைய மனம் முற்றிலும் திரும்பியது. களத்தில் கண்ட சாவுகளைக் காட்டிலும் உள்நாட்டில் கண்ட மனநிறைவே அவரை அதிகம் வருத்தியது என்று தோன்றுகிறது. செய்தித்தாள்களின் ஆரவாரம், விருந்துக்கு அழைத்த சீமாட்டிகளின் இதமான மொழிகள், மகனை இழந்தவர்களிடம் சொல்லப்பட்ட பொய்யான ஆறுதல் ஆகிய யாவும் அவருக்குக் கசந்தன. பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் முதலிய அமைதிவாதிகளை அணுகினார். அவர்களின் துணையோடு ஓர் அறிக்கை எழுதினார்.

அந்த அறிக்கையின் கருத்து வருமாறு: நான் இராணுவ அதிகாரத்தை அறிந்தே மீறுகிறேன், போரை முடிக்க வல்லவர்களே அதை வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள், தற்காப்புக்கும் விடுதலைக்கும் என்று தொடங்கிய போர் இன்று நாடு பிடிக்கும் போராக மாறிவிட்டது, போர் நடத்தப்படும் முறையை நான் எதிர்க்கவில்லை, வீரர்களைப் பலியிடும் அரசியல் தவறுகளையும் வாய்மையின்மையையுமே எதிர்க்கிறேன். இறுதியில், தாம் பங்கு கொள்ளாத துயரத்தை, கற்பனை செய்யவும் இயலாத துயரத்தை, அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் உள்நாட்டு மக்களின் மனநிறைவையும் அது சாடியது. 1917 ஜூலை 30-ஆம் நாள் காமன்ஸ் சபையில் லீஸ்-ஸ்மித் என்ற உறுப்பினர் அதைப் படித்தார்; மறுநாள் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் வெளிவந்தது.

அக்காலத்தில் பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி ஹேக். அவருடைய அந்தரங்கச் செயலாளராக மாளிகையில் இருந்தவர் பிலிப் சசூன். அவரும் பாக்தாத் வணிகரின் கொள்ளுப்பேரரே. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை ஆணை பிறந்த இடத்திலும், மற்றொரு கிளை ஆணையால் மடிந்தவர்களிடையிலும் இருந்தது.

அறிக்கை வெளிவருமுன் அந்த ஜூலை மாதத்தில் சசூன் செய்த மற்றொரு செயல் மிகவும் பேசப்படுகிறது. லிவர்ப்பூலுக்கு அருகே மெர்ஸி நதி கடலோடு கலக்குமிடத்தில் நின்று, சட்டையில் தைத்திருந்த பதக்க நாடாவைக் கிழித்து நீரில் எறிந்தார். பதக்கத்தையே எறிந்தார் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். எறிந்தது நாடா மாத்திரமே. பதக்கம் 2007-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார் வீட்டிலிருந்து கிடைத்தது. தம் நூலில் இந்நிகழ்ச்சியை அவர் விவரிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. கனமற்ற அத்துணுக்கு வீசிய வேகத்தில் தூரம் போகவில்லை. தன் பயனின்மையைத் தானே உணர்ந்ததுபோல் நீரில் தளர்ந்து விழுந்து மிதந்து சென்றது என்கிறார். தொலைவில் சென்ற கப்பலைப் பார்த்து, அதிலுள்ளவர்களைக் கூவி அழைப்பதும் போரை நிறுத்தச் சொல்வதும் ஒன்றே என்று எண்ணியதாகவும் எழுதுகிறார். நாடகம் ஆடிய கணத்திலேயே அது நாடகம் என்பதை உணர்ந்தவர் அவர். உணர்ந்ததை எழுதியும் வைத்தார்.

அரசாங்கம் என்ன செய்தது? இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் அறிக்கை ஊரெங்கும் பரவும். கிரேவ்ஸ் தம் நண்பரைக் காப்பாற்ற வேண்டி அதிகாரிகளைக் கண்டு பேசினார். சசூனிடம் வந்து, ‘உன்னை ஒருபோதும் நீதிமன்றத்தில் நிறுத்தமாட்டார்கள், பிடிவாதம் செய்தால் போர் முடியும்வரை பைத்தியக்கார மருத்துவமனையில் அடைத்துவிடுவார்கள்’ என்று சத்தியம் செய்தார். அது பொய்ச்சத்தியம். சசூன் நம்பினார், மருத்துவக் குழுவின் முன் செல்ல இசைந்தார். குழுவின் முன் சாட்சி சொன்ன கிரேவ்ஸ், தாம் மூன்று முறை கண்ணீர் விட்டதாக எழுதியுள்ளார். சசூனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று முடிவு செய்து, எடின்பரோ நகரருகே கிரெய்க்லாக்கர்ட் என்னும் மருத்துவமனைக்கு அனுப்பினர். அறிக்கையிலிருந்த வாதத்துக்கு எவரும் விடை கூறவில்லை. எழுதியவர் நோயாளி என்றாயிற்று. விடை கூறுவதைவிட அது எளிது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது முறையன்று. கிரெய்க்லாக்கர்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை. அங்கே கோல்ஃப் ஆடலாம். தேநீர் விருந்துக்குச் செல்லலாம். அதே போரில் களத்தை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இவை போன்ற பிற குற்றங்களுக்காகவும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் அதிகாரிகள் மிகச் சிலரே. ஏனையோர் சாதாரணச் சிப்பாய்களும் கீழ்நிலை வீரர்களும் ஆவர். குண்டதிர்ச்சியால் நிலைகுலைந்து நடுங்கியவன் சிப்பாயாக இருந்தால் கோழை. அதிகாரியாக இருந்தால் நோயாளி என்ற நிலை பல இடங்களில் இருந்தது. சசூன் உண்மை பேசியும் உயிரோடு இருந்ததற்கு அவருடைய பதக்கமும் குலமும் நண்பர்களும் துணையாயின.

கிரெய்க்லாக்கர்ட்டில் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் டாக்டர் ரிவர்ஸ். இந்தப் பெயர் நமக்கு அயலானதன்று. 1901-ஆம் ஆண்டு முதல் அடுத்த ஆண்டு வரை சில மாதங்கள் நீலகிரியில் தங்கி, தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906-ல் ‘தோடர்கள்’ என்ற பெருநூலை வெளியிட்ட அதே அறிஞர் இவர். ஒருவரிடம் உறவினர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் குடிவழி எழுதி, அதிலிருந்தே ஒரு சமூகத்தின் அமைப்பை அறிவது அவருடைய முறை. நீலகிரியில் அதற்கு ஓர் இடையூறு நேர்ந்தது. இறந்த உறவினர் பெயரைச் சொல்லுதல் தோடரிடையே விலக்கப்பட்ட செயல். இறந்தோரின் பெயரைச் சொல்ல வாயெழாதவர்களிடையே பொறுமையோடு கேட்டறியப் பழகியவர், பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், இறந்த தோழர்களைப்பற்றிப் பேச வாயெழாத இளம் அதிகாரிகளின்முன் அமர்ந்தார். இரண்டையும் அவரே இணைத்து நோக்கினாரோ, அறியேன்; கேட்பவருக்கு அந்த எண்ணம் எழாமல் இராது.

அக்காலத்து மருத்துவர் பலர் கூறிய அறிவுரை, ‘நடந்ததை மறந்துவிடு, நல்லதை நினை’ என்பதே. வீட்டாரும் அதையே கூறினர். ரிவர்ஸ் இதை மறுத்தார். பகலில் முயன்று மறக்கப்பட்டது இரவில் கனவாக வந்து வதைக்கிறது. அதை வெளிப்படையாக நினைத்துப் பேசினால்தான் அதன் கொடுமை குறையும் என்றார். 1917 டிசம்பரில் மருத்துவர் கழகம் ஒன்றில் இக்கருத்தைக் கட்டுரையாக வாசித்தார். சசூன் பின்னாளில் எழுதியதை இதனோடு ஒப்பிடலாம்: பகலில் அம்மருத்துவமனையில் எல்லோரும் சிரித்துப் பேசுவர், இரவில் அக்கட்டடம் முழுவதும் உறக்கத்தில் அலறும் குரல்கள் எழும்.

ஆயினும் ரிவர்ஸின் நிலை சங்கடமானது. சசூனுக்கு நோய் ஏதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் அணிந்திருந்ததோ இராணுவ உடை. தம்மிடம் வந்தவரை மீண்டும் களத்துக்கு அனுப்பும் நிலைக்குக் கொணர்வதே அவருடைய கடமை. மாலை தோறும் இருவரும் போரைப்பற்றி வாதித்தனர். அந்நாட்களில் ரிவர்ஸ் கண்ட கனவு ஒன்றை அவரே ஆராய்ந்து எழுதினார். அவர் இறந்த மறுஆண்டு, 1923-ல் வெளிவந்த நூலில் அது உள்ளது. நோயாளியின் அமைதிக் கொள்கையை மாற்ற முயலும் நானே அவருடைய கொள்கைக்கு மாறிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமே அக்கனவின் வேர் என்று அவர் கண்டார். மருத்துவரும் தம்மை விலக்கிக்கொள்ளாமல் எழுதியவர் என்பதற்கு இது சான்று.

சசூன் ஏன் திரும்பச் சென்றார்? கொள்கையை மாற்றிக்கொண்டதால் அன்று. தம் ஆட்கள் சேற்றில் மடிந்துகொண்டிருக்கத் தாம் கோல்ஃப் ஆடிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. போர் தவறு என்ற எண்ணமும் மீளவேண்டும் என்ற எண்ணமும் ஒருங்கே இருந்தன. அதிலும் ஓர் இடறல் உண்டு. முடிவெடுத்தபின் மருத்துவக் குழுவின்முன் வரச்சொன்ன நாளில், நெடுநேரம் காக்கவைத்தார்கள் என்று பொறுமையிழந்து எழுந்து தேநீர் விருந்துக்குப் போய்விட்டார்! ரிவர்ஸ் சினந்தார். இந்த அற்பச் செயலையும் சசூன் தம் நூலில் எழுதினார். 1917 நவம்பர் இறுதியில் அவர் தகுதியுடையவர் என்று குழு முடிவு செய்தது. பாலஸ்தீனம் சென்று, 1918 மே மாதம் மீண்டும் பிரான்ஸை அடைந்தார். ஜூலை 13-ஆம் நாள் விடியற்காலையில் பகைவர் எல்லைவரை ஊர்ந்துசென்று திரும்புகையில், அவரைப் பகைவரென்று கருதி அவருடைய சார்ஜெண்டே சுட்டார். குண்டு தலையை உராய்ந்து சென்றது. போர் அவர்க்கு அத்துடன் முடிந்தது. கிரெய்க்லாக்கர்ட்டில் அவரிடம் கவிதை கற்ற இளைஞர் வில்ஃபிரட் ஓவன் அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் போர் நின்றது.

போர்க்காலக் கவிதைகளைச் சசூன் அவ்வப்போது வெளியிட்டிருந்தார். எனினும் உரைநடையில் முழுக்கதையையும் சொல்லப் பத்தாண்டு சென்றது. இவர் மாத்திரம் அல்லர். 1928 முதல் 1930 வரை இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் போர்வீரர் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எட்மண்ட் பிளண்டன், கிரேவ்ஸ், ஜெர்மானியரான ரெமார்க் ஆகியோரின் நூல்கள் யாவும் அக்காலத்தவை. வாய் திறக்க அத்தனை பேருக்கும் ஏறத்தாழ ஒரே கால அளவு வேண்டியிருந்தது.

சசூனின் மூன்று நூல்கள் 1928, 1930, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றில் கதை சொல்பவர் பெயர் ஜார்ஜ் ஷெர்ஸ்டன். அவருக்குத் தாய் இல்லை, அத்தை இருக்கிறார். அவர் கவிதை எழுதுவதில்லை. பிற மனிதர்களுக்கும் மாற்றுப்பெயர்களே. ரிவர்ஸ் மட்டும் தம் சொந்தப் பெயரோடு வருகிறார். தம் வாழ்வின் பாதியான கவிதையையே வெட்டிவிட்டு எழுதிய கணக்கு எங்ஙனம் உண்மையாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கவிஞர் என்ற ஒளிவட்டத்தை நீக்கியபின் எஞ்சிய ஷெர்ஸ்டன், எதையும் ஆழ்ந்து சிந்தியாத, பிறர் சொல் கேட்டு நடக்கும் சாதாரண மனிதர். பெருமை தரும் பகுதியைத்தான் அவர் விலக்கினார். வெறியையும் தடுமாற்றத்தையும் அவர் விலக்கவில்லை.

கிரேவ்ஸின் வழி வேறு. 1929-ல் சில வாரங்களில் விரைந்து எழுதிய தம் நூலில் எல்லோரையும் உண்மைப் பெயருடன் எழுதினார். அவரைக் களத்தில் இறந்தார் என்று அறிவித்து, ‘டைம்ஸ்’ இதழ் பின்னர்த் திருத்தம் வெளியிட்ட கதையும் அதில் வரும். நூலைக் கண்ட சசூன் கடுஞ்சினம் கொண்டார். பிளண்டனோடு சேர்ந்து ஒரு பிரதியின் ஓரங்களில் பிழைகளையும் மறுப்புகளையும் எழுதித் தள்ளினார். தம் அனுமதியின்றி அச்சிட்ட அந்தரங்கக் கடிதக் கவிதையை நீக்கச் செய்தார். மற்றொரு பகுதியையும் நீக்கச் செய்தார்: போரில் மகனை இழந்த ஒரு தாய் ஆவிகளோடு பேச முயன்றதை, பெயர் கூறாமல், கிரேவ்ஸ் ஏளனக் குறிப்போடு எழுதியிருந்தார். அந்தத் தாய் சசூனின் அன்னையார். மகன் கலிப்போலியில் இறந்த ஹாமோ.

கிரேவ்ஸ் இதற்கெல்லாம் அஞ்சவில்லை. அடுத்த ஆண்டு ஒரு விளக்கம் எழுதினார். பதுங்குகுழிப் போரின் கொடுமையை முழுதும் அனுபவித்தவன் எழுதும் கணக்கில் பிழைகளும் பொய்களும் மலிந்திருந்தால்தான் அது மெய்யான கணக்கு. ஏனெனில் குண்டு வெடிப்பின் நடுவே தேதியும் வரிசையும் நினைவில் நில்லா என்பது அவர் வாதம். பணத்துக்காக, மக்கள் விரும்பும் பொருள்களையெல்லாம் தேடிச் சேர்த்ததாகவும் கூசாமல் சொன்னார். இதிலும் ஒருவகை நேர்மை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எனக்குச் சசூன் பக்கமே மனம் சாய்கிறது. நினைவு தடுமாறும் என்பது மெய். தடுமாற்றம் எப்பொழுதும் கதையைச் சுவைபடுத்தும் திசையிலேயே சென்றால் ஐயுற இடமுண்டு. அன்றியும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பேதைமையை அம்பலப்படுத்துவது போரைப்பற்றிய எந்த உண்மைக்கும் தேவைப்படவில்லை.

சசூன் 1945-ல், இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டில், தம் சொந்தப் பெயரிலேயே மற்றொரு தன்வரலாற்றை வெளியிட்டார். அதில் 1917-ஆம் ஆண்டு அறிக்கையை மீண்டும் எடுத்துப் பேசினார். அதன்பின் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது, அன்று பேச்சுவார்த்தையால் அமைதி ஏற்பட்டிருந்தாலும் அது நிலைத்திருக்கும் என்று நம்புவது கடினம் என்று எழுதினார். அறிக்கையைக் கொண்டாடிய அமைதிவாதிகளுக்கு அது உவப்பாக இருந்திராது. அவரை அன்று நோயாளி என்று ஒதுக்கியவர்கள் இப்போது தம் பக்கம் வந்துவிட்டார் என்று மகிழ்ந்திருக்கக்கூடும். 1930-ஆம் ஆண்டு நூலில் அந்த அறிக்கை முழுமையாக அச்சிடப்பட்டிருக்கிறது. 1967 செப்டம்பர் முதல் நாள் அவர் மறையும்வரை அதிலிருந்து அவர் ஒரு சொல்லையும் நீக்கவில்லை.